ஓடுகளை உடைத்தது குரங்கு, தரையைக் குடைந்தது யார்?

கேள்வி: வேளச்சேரியில், ஐ.ஐ.டி. மதிலுக்குப் பின்பக்கம் இருக்கிற தெருவில் 1986-ல் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். முன்னால் 16 அடி நீளம், 6 அடி அகலத்தில் ஓடு போட்ட வராண்டா. குரங்குத் தொல்லை தாங்க முடியவில்லை. பாதி ஓடுகள் உடைந்துவிட்டன. இப்போது தெருப்பக்கத் தூண் அருகே தரையும் இறங்கிவிட்டது; சிவப்புத் தரையில் விரல் நுழைகிற அளவு விரிசல். இரவில் ஓட்டுக்குக் கீழே அடித்திருக்கும் பலகையின் மேல் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது, பலகையில் மஞ்சளாகக் கறை. எல்லாவற்றையும் இடித்துவிட்டு மேலே கான்கிரீட் தளமும் கீழே டைல்ஸும் போட்டால் குரங்கால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் மேஸ்திரி. 86 வயது அம்மா தினமும் மாலையில் அங்கேதான் உட்காருவார். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். நான்கு படங்கள் அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?
– வேளச்சேரி வாசகர்

வணக்கம் சார். இதைப் படித்து முடிக்கும் முன்பே ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். அம்மாவின் சாய்வு நாற்காலியை அந்தத் தூண் பக்கத்திலிருந்து எடுத்து, கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள்ளேயே வாசல் பார்த்த மாதிரி போடுங்கள். மாலைக் காற்றில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துப் பழகியவருக்கு அது கஷ்டம்தான், புரிகிறது. ஆனால் அந்தத் தரைக்குக் கீழே மண் இருக்கிறது என்று என்னால் நம்பிச் சொல்ல முடியவில்லை.

படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிதத்தில் மொத்தப் பழியும் குரங்கு மேல் விழுந்திருக்கிறது. என் கணக்கில் உங்கள் வராண்டாவில் கை வைத்தது மூன்று வகைப் பிராணிகள். ஓட்டை உடைத்தது குரங்கு, சரி. இரவில் பலகை மேல் நடப்பது குரங்கு இல்லை. குரங்கு இருட்டியதும் மரத்தில் அடங்கிவிடும், விடிந்தால்தான் இறங்கும். தரையை இறக்கியதும் குரங்கு இல்லை. உங்கள் வீட்டுக்கு உண்மையான ஆபத்து அந்த மூன்றாவது பிராணியால்தான். மேஸ்திரி சொல்கிறபடி மேலே எவ்வளவு பலமாகக் கட்டினாலும், கீழே இருப்பது கீழேயேதான் இருக்கும்.

மூன்றாவது படத்தில் செம்பருத்திச் செடிக்குப் பின்னால் பாருங்கள். வராண்டாவின் பேஸ்மட்டச் சுவர் (தரையைச் சுற்றியிருக்கிற அடிச்சுவர்) ஓரமாக ஒரு கூடை அளவுக்கு மண் குவிந்திருக்கிறது. சுற்றியிருக்கிற மண் வெளுத்துக் காய்ந்திருக்க, இது மட்டும் கருத்து, ஈரமாக, உருண்டை உருண்டையாக இருக்கிறது. அது ஆழத்திலிருந்து நேற்றோ முந்தாநாளோ வெளியே வந்த மண். குவியலுக்குப் பின்னால் ஒரு நிழல் தெரிகிறது. அதுதான் வளையின் வாய். மூன்று நான்கு அங்குலம் இருக்கும். பெருச்சாளி.

சென்னைக்காரர்களுக்குப் பெருச்சாளியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஒரு கிலோ வரைக்கும், சமயத்தில் அதற்கு மேலும் எடை வரும். மடக்கினால் பன்றி மாதிரி உறுமும். தெலுங்கில் பந்திக்கொக்கு, அதாவது பன்றி எலி என்பார்கள். ஆங்கிலத்தின் பேண்டிகூட் என்ற சொல்லே அதிலிருந்து போனதுதான். மழைநீர் வடிகாலும் சாக்கடையும் அதற்குத் தெரு மாதிரி. வெள்ளம் வந்தால் மேடு தேடி ஏறும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் உங்கள் பகுதியில் தண்ணீர் எப்படி நின்றது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். தெருவெல்லாம் முழுகும்போது உயரமாக, காய்ந்த மண்ணோடு இருக்கிற இடம் எது? வீட்டு வராண்டாவின் அடிப்பகுதி. அந்த வெள்ளங்களுக்குப் பிறகு வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்தில் நான் பார்த்த தரை வேலைகளில் நிறைய இதே கதைதான்.

சிவப்புத் தரை அது பாட்டுக்கு ஒரே பலகை மாதிரி இறுகி நிற்கும். கீழே மண்ணைக் குடைந்து எடுத்தாலும் உடனே விழாது. பாலம் மாதிரி அந்தரத்தில் தாங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று விரிசல் விடுகிறது. விரிசல் தெரிகிறது என்றால் வேலை ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம் இல்லை, முடிந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்று இரவு தெரு அடங்கிய பிறகு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கரண்டிக் காம்போ, பெரிய நாணயமோ எடுத்துக்கொண்டு வீட்டுச் சுவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, அரை அடிக்கு ஒரு தட்டாகத் தரையைத் தட்டிக்கொண்டே தூண் பக்கம் வாருங்கள். மண் நிறைந்த இடத்தில் சத்தம் கட்டையாக, செத்த மாதிரி வரும். வெற்றிடத்தின் மேல் தட்டினால் காலிப் பானையைத் தட்டியது மாதிரி ஒலிக்கும். சத்தம் மாறுகிற இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு புள்ளி. கடைசியில் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு போட்டால், கீழே எவ்வளவு தூரம் குடைந்திருக்கிறது என்பதன் வரைபடம் தரையிலேயே கிடைத்துவிடும். விரிசல் இருக்கிற பக்கம் தூணிலிருந்து நாலு அடியாவது அந்தக் கோடு உள்ளே வரும் என்று நினைக்கிறேன். அந்தப் பகுதியில் ஏறி நிற்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து கையை நீட்டித் தட்டுங்கள்.

இன்னொரு சோதனை வெளியே. சாயங்காலம் வீட்டைச் சுற்றித் தெரிகிற எல்லா வளைகளிலும் பழைய செய்தித்தாளைக் கசக்கி லேசாகத் திணித்துவிட்டு வாருங்கள். காலையில் எந்த வாயில் தாள் வெளியே தள்ளிக் கிடக்கிறதோ அதுதான் இப்போது புழங்குகிற வழி. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள். மற்றவை பழைய வழிகள். ஆனாலும் கடைசியில் அவற்றையும் அடைக்கத்தான் வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்வி. அது ஏன் அங்கே குடியிருக்கிறது? நான்காவது படத்தில் வராண்டா மூலையில் ஒரு சேம்பர், அதாவது கழிவுநீர்க் குழாய்க்கான சின்னத் தொட்டி தெரிகிறது, மூடியின் ஒரு முனை உடைந்திருக்கிறது. சமையலறைக் கழிவுநீர் அந்த வழியாகத்தான் தெருவுக்குப் போகிறது, இல்லையா? 1986-ல் கட்டிய வீடு என்றால் உள்ளே பெரும்பாலும் பீங்கான் குழாய்தான் இருக்கும். அதன் இணைப்புகளில் பூசிய சிமெண்ட் நாற்பது வருஷத்தில் விட்டுப்போயிருக்கும். களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும்போது குழாய் அசைந்து அசைந்து இணைப்பு திறந்துகொள்ளும். அந்தச் சந்து பெருச்சாளிக்கு வாசல். அதே சந்தில் கசிகிற தண்ணீர் மண்ணை இளக்கி, அது தோண்ட வசதி செய்து கொடுக்கிறது. சாப்பாடும் அதே குழாயில் வருகிறது: சோறு கழுவிய தண்ணீர், பருப்பு, தேங்காய்ச் சில்லு. இருக்க இடம், குடிக்கத் தண்ணீர், சாப்பாடு, மூன்றும் ஓரிடத்தில். ஆகவே முதல் ரிப்பேர் தரையில் இல்லை, குழாயில்.

குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். தெருப்பக்க முனையைச் சாக்குத் துணியும் களிமண்ணும் வைத்து இறுக அடைத்துவிட்டு, சேம்பரில் குழாய் வாய்க்கு மேல் வரைக்கும் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அரை மணி நேரம் யாரும் தண்ணீர் புழங்காமல் இருந்து பாருங்கள். மட்டம் இறங்கினால் குழாயோ சேம்பரோ கசிகிறது. உடைந்த இடத்தை மட்டும் ஒட்டுப் போடச் சொல்லாதீர்கள். சேம்பரிலிருந்து தெரு வரை முழுக்கவும் 4 அங்குல பி.வி.சி.யாக மாற்றிவிடுங்கள். பத்து அடிக்கு 3 அங்குலம் சரிவு இருந்தால் போதும். சேம்பருக்கு உட்பக்கம் பூச்சு, சரியாக உட்காருகிற புது மூடி. குழாய் சுவரைத் துளைத்து வருகிற இடத்தைச் சுற்றிலும் கலவை வைத்து நிறைத்திருக்கிறார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள். அங்கேதான் கொத்தனார்கள் விட்டுவிடுவார்கள்.

விஷம் வைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது சொல்வார்கள். வேண்டாம் சார். வளைக்குள் போடுகிற மாத்திரை வகைகள் ஈரம் பட்டால் நச்சு வாயு விடும். அந்த வளை உங்கள் தரைக்கு அடியில், விரிசல் வழியாக வீட்டுக்குள் திறந்திருக்கிறது. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் எலிக்காக வைத்த மருந்தின் நெடியில் ஒரு வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். அதைப் படித்த நாளிலிருந்து, ஆட்கள் குடியிருக்கிற வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கிறவர்களிடம் நான் கடுமையாகவே பேசுகிறேன். குழாயை மாற்றி, மண்ணைத் தோண்டி எடுத்தாலே பெருச்சாளி இடத்தைக் காலி செய்துவிடும். மிச்சம் இருந்தால் கூண்டு வையுங்கள். உள்ளே கருவாடோ தேங்காய்ச் சில்லோ போதும்.

சரி, தரை வேலை. முதலில் முட்டு. அந்தத் தூணின் மேல்தான் முன்பக்க உத்திரம் உட்கார்ந்திருக்கிறது. தூணின் இரண்டு பக்கமும் உத்திரத்துக்குக் கீழே ஜாக்கி அல்லது தடியான சவுக்குக் கம்பு முட்டுக் கொடுக்காமல் ஒரு கடப்பாரை கூட விழக் கூடாது. முட்டின் அடியில் அகலப் பலகை வைத்து, அதைக் கெட்டித் தரையில் ஊன்ற வேண்டும். சாக்பீஸ் கோட்டுக்கு உள்ளே ஊன்றினால் முட்டும் சேர்ந்து இறங்கும். அப்புறம் தூணைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் மெதுவாகத் தோண்டிக் கடைக்கால் (அஸ்திவாரம்) எவ்வளவு ஆழம் என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு நாலடி தோண்டியவர்கள் வராண்டாத் தூணுக்கு ஒன்றரை அடியோடு நிறுத்தியிருப்பார்கள். பெருச்சாளி இரண்டடி வரைக்கும் போகும். கடைக்காலின் அடியிலேயே மண் போயிருந்தால், அப்போது கட்டாயம் ஒரு கட்டுமானப் பொறியாளரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். படத்தைப் பார்த்து நான் முடிவு சொல்லக் கூடிய விஷயம் இல்லை அது.

தோண்டுகிறவர்களுக்குக் காலில் கம் பூட்ஸும் கையில் ரப்பர் உறையும் வாங்கிக் கொடுங்கள். பெருச்சாளி மூத்திரம் ஊறிய மண்ணில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காலில் ஒரு சின்ன வெட்டுக்காயம் போதும் அது உள்ளே போக. கூலிக்கு வருகிறவர் இதைக் கேட்க மாட்டார். வீட்டுக்காரர்தான் பார்த்துச் செய்ய வேண்டும்.

தரையில் துளை போட்டு, சிமெண்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) ஊற்றி நிரப்பிவிடலாம் என்று ஒரு யோசனை வரும். ஆரம்ப காலத்தில் திருவான்மியூரில் ஒரு வீட்டில் நானே அதைச் செய்தேன். எட்டு மூட்டை உள்ளே போனது, தரை நிரம்பவில்லை. மறுநாள் பார்த்தால் பால் முழுக்க வளை வழியாக உடைந்த குழாய்க்குள் போய் இறுகியிருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் அந்த வீட்டில் சமையலறைத் தண்ணீர் வெளியே போக வழியில்லை. அந்தக் குழாயை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். கண்ணால் பார்க்காத வெற்றிடத்தை ஊற்றி நிரப்ப முடியாது. தளர்ந்த தரையை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்த்து நிரப்புவதுதான் வழி.

சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே இன்னும் ஓர் அடி தள்ளி, மெஷினால் நேர்கோட்டில் அறுத்துத் தரையை எடுக்கட்டும். சுத்தியலால் அடித்து உடைத்தால் நல்ல பகுதியும் அதிரும். உள்ளே இளகிய மண், பழைய கூடு, காகிதம், துணி எல்லாவற்றையும் கெட்டி மண் வரும்வரை வாரி எடுக்க வேண்டும். அந்தக் களிமண்ணையே திரும்பப் போடாதீர்கள். கிராவல் அல்லது கிரஷர் தூள் வரவழையுங்கள். அரை அடி போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அது உட்கார்ந்த பிறகு அடுத்த அரை அடி. ஒரேயடியாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் அடுத்த மழையில் மறுபடி இறங்கும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள் சார். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாத வேலை இது.

நிரப்பியதற்கு மேல் 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 4 அங்குலக் கான்கிரீட். தரை திறந்திருக்கும்போதே கரையான் மருந்தும் அடித்துவிடுங்கள்.

பெருச்சாளி திரும்பி வராமல் இருக்க வேண்டியது வராண்டாவுக்கு வெளியே, பேஸ்மட்டச் சுவர் ஓரத்தில் இருக்கிறது. சுவரை ஒட்டி இரண்டடி ஆழம், ஓரடி அகலம் வாய்க்கால் மாதிரி எடுத்து, அரை அங்குலக் கண் உள்ள கால்வனைஸ்டு வெல்டு மெஷ்ஷை (துத்தநாகம் பூசிய கம்பி வலை) சுவரோடு சேர்த்து இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக ஓரடி மடித்துப் படுக்க வைத்து மண்ணை மூடிவிடுங்கள். பெருச்சாளி எப்போதும் சுவர் ஓரமாகத்தான் தோண்டும். கம்பி தட்டினால் பின்னால் நகர்ந்து இன்னொரு இடத்தில் முயற்சி செய்யும், மடித்த பகுதியைத் தாண்டி வந்து தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. கோழிவலை வாங்கிவிடாதீர்கள். களிமண் ஈரத்தில் இரண்டே வருஷத்தில் துருப்பிடித்துப் பொடியாகும், அதற்கு முன்பே பெருச்சாளி கடித்துவிடும். செம்பருத்திச் செடியைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நடுங்கள். அடிச்சுவர் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மேல்பூச்சுக்கு டைல்ஸ் வேண்டாம் என்பேன். வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸ், சாரல் அடிக்கிற வராண்டா, 86 வயதுக் கால்கள், மூன்றும் சேரக் கூடாது. பழைய சிவப்புத் தரை போட இப்போதும் கை தேர்ந்த சிலர் இருக்கிறார்கள், கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் புதிதாகப் போடுகிற பகுதியின் நிறம் பழையதோடு ஒட்டாது, அதை முதலிலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தாண்டூர் கல், பாலிஷ் போடாத சொரசொரப்பாக. வேண்டும்போது ஒரு கல்லைப் பெயர்த்துக் கீழே பார்த்துக்கொள்ளலாம் என்பது அதில் பெரிய வசதி.

இப்போது பலகைக்கு மேல் நடக்கிற ஆள். இரண்டாவது படத்தில் கறைக்குப் பக்கத்தில், பலகை இடுக்கு வழியாகச் சில கொட்டைகள் கீழே விழுந்திருக்கின்றன. சப்போட்டா விதை என்று நினைக்கிறேன், ஒன்றிரண்டு நாவல் கொட்டை. பழம் தின்று, விதையை அப்படியே கழித்து, ஒரே இடத்தைக் கழிவறை மாதிரி வைத்துக்கொள்கிற பழக்கம் மரநாய்க்கு உண்டு. பகலில் சுருண்டு தூங்கி, இருட்டியதும் வெளியே போய், விடிவதற்குள் திரும்பும். சத்தம் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு தடவையும் விடியற்காலையில் ஒரு தடவையும் கேட்கிறதா என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், வயதானவர்களுக்கு அந்த நேரத்தில் தூக்கம் இருக்காது. மரநாய் மனிதரை ஒன்றும் செய்யாது, எலியும் தின்னும். அடையாறு, மயிலாப்பூர், பெசன்ட் நகர் என்று மரம் இருக்கிற பகுதிகளிலெல்லாம் ஓட்டு வீடுகளில் இது உண்டு.

இங்கே நான் ஒரு கெஞ்சலாகவே சொல்கிறேன். மரநாய் வருகிற சந்தை அடைக்கும் முன் உள்ளே குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அடையாறில் ஒரு வீட்டில் இப்படித்தான் பகலில் போய், சத்தம் இல்லையே என்று ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தை வெல்டு மெஷ் வைத்து அடைத்துவிட்டு வந்தேன். இரவு பத்து மணிக்கு வீட்டுக்காரர் போன் செய்தார். போய்ப் பார்த்தேன். தாய் ஓட்டின் மேல் நின்று கம்பியைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தது. டார்ச் அடித்தும் ஓடவில்லை. உள்ளேயிருந்து குட்டிகள் பூனைக்குட்டி மாதிரி மெல்லிசாகக் கத்தின. ஆணிகளைக் கழற்றி முடிக்க இருபது நிமிஷம் ஆனது, அதுவரைக்கும் அது மூன்றடி தூரத்திலேயே நின்றது. கம்பியில் ரத்தம் இருந்தது. அன்றிலிருந்து, கண்ணால் பார்க்காமல் நான் எந்தச் சந்தையும் அடைத்ததில்லை.

பகலில் ஓர் ஓட்டை மட்டும் தூக்கி, போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். குட்டிகள் இருந்தால் கையை விடாதீர்கள். அப்படியே மூடிவிட்டு, வராண்டா விளக்கை இரவெல்லாம் எரியவிட்டு, கீழே வேலையை ஆரம்பியுங்கள். தட்டுகிற சத்தமும் வெளிச்சமும் பிடிக்காமல் பெரும்பாலும் தாயே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேறு இடம் போய்விடும். போகாவிட்டால் அவை தாயோடு வெளியே நடமாடுகிற வரைக்கும், இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். அந்த மழைக்காலத்துக்கு மட்டும் அந்தப் பகுதியின் மேல் தார்ப்பாய் கட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். குட்டிகள் இல்லை என்றால், வருகிற வழியில் கொஞ்சம் மாவைத் தூவி, வெளியே போன கால்தடம் தெரிந்த பிறகு, இரவு ஒன்பது பத்து மணிக்கு அடைப்பதுதான் சரி. பகலில் ஒருபோதும் அடைக்காதீர்கள். மரநாயும் சரி, நம் நாட்டுக்குரங்கும் சரி, 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறவை. பிடிப்பது, அடிப்பது, மின்சாரக் கம்பி இழுப்பது எல்லாம் குற்றம். சந்தேகம் வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், ஆள் அனுப்புவார்கள்.

கடைசியில் குரங்கு. கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். அதை ஒட்டியிருக்கிற ஐ.ஐ.டி. வளாகமும் 1959-ல் அந்தக் காட்டின் ஒரு பங்கில் வந்ததுதான். உங்கள் தெரு அதன் ஓரம். அவை வருவதை நிறுத்த முடியாது, வந்தாலும் ஓடு தாங்குகிற மாதிரி செய்ய முடியும்.

மேஸ்திரி சொல்கிற கான்கிரீட் தளத்தை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், கணக்கு எளிது. நாலரை அங்குலத் தளம் சதுர அடிக்கு ஏறத்தாழ 27 கிலோ. உங்கள் 96 சதுர அடிக்கு இரண்டரை டன். ஓடும் மரமும் சேர்ந்து அதில் நாலில் ஒரு பங்குகூட வராது. ஏற்கெனவே அடிமண் போன தூண் தாங்குகிற கூரையில் இரண்டரை டன்னை ஏற்றச் சொல்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தூணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் சொல்கிறார், அவ்வளவுதான். பாலிகார்பனேட் ஷீட்டும் வேண்டாம்; குரங்குக் கூட்டம் குதித்துக் குதித்து ஸ்க்ரூ துளைகள் அகன்று முதல் மழையிலேயே ஒழுகும்.

மங்களூர் ஓடு நல்ல பொருள். 1860-களில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பினர் மங்களூரில் தொழிற்சாலை வைத்த நாளிலிருந்து இந்தக் கடலோர மழையைத் தாங்கிக்கொண்டு வருகிறது. உங்கள் வீட்டில் ஓடு உடைந்ததற்குக் குரங்கின் எடை மட்டும் காரணம் இல்லை. முதல் படத்தில் ரீப்பர் கட்டைகள் (ஓடு உட்காருகிற மெல்லிய மரச் சட்டங்கள்) வளைந்திருப்பதால் ஓடு இரண்டு பக்கமும் சமமாக உட்காராமல் ஆடுகிறது. ஆடுகிற ஓட்டின் மேல் எதாவது குதித்தால் நடுவில் உடையும். நன்றாக உட்கார்ந்த ஓடு அவ்வளவு சீக்கிரம் உடையாது. வளைந்த ரீப்பர்களை மாற்றுங்கள். ஓட்டின் அடியில் கட்டுக்கம்பிக்கென்றே துளை விட்ட ஒரு காது இருக்கும், பெரும்பாலும் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. முன்விளிம்பில் மூன்று வரிசைக்கும் ஓரங்களுக்கும் கால்வனைஸ்டு கம்பியால் ஒவ்வோர் ஓட்டையும் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். குரங்கு ஓட்டைத் தூக்கிப் பூச்சி தேடுவது அதோடு நிற்கும். புது ஓடு வாங்கப் போகும்போது உங்கள் ஓட்டில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், கால் அங்குல வித்தியாசம் இருந்தாலும் பூட்டாது. பழைய ஓடு விற்கிற கடைகளில் அதே முத்திரை போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. இருபது ஓடு அதிகமாக வாங்கி மாடியில் அடுக்கிவையுங்கள்.

பக்கத்து வீட்டு மாமரக் கிளை உங்கள் ஓட்டிலிருந்து நாலடி தூரத்தில் இருக்கிறது. அவர்களிடம் பேசி, பத்து அடியாவது இடைவெளி வருகிற மாதிரி கழித்துவிட்டால் நேராகக் குதிப்பது குறையும். வராண்டாவில் குப்பைத் தொட்டி, காக்கைக்குச் சோறு, பூஜைத் தேங்காய் மூடி, எதுவும் இருக்கக் கூடாது. காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தச் சொன்னால் அம்மா வருத்தப்படுவார் என்று தெரியும். மொட்டை மாடியின் பின்பக்கத்தில் வைத்து, காக்கை தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள்.

இது ஆவணி. வடகிழக்குப் பருவமழைக்கு ஐப்பசி வரைக்கும் நேரம் இருக்கிறது. இந்த வாரம் தாள் திணித்துப் பார்ப்பதும் ஓட்டைத் தூக்கிப் பார்ப்பதும். அடுத்த வாரம் முட்டும் குழாயும். தரையைத் திறந்து நிரப்பி மூட ஒரு வாரம், பிறகு கான்கிரீட்டுக்கு ஏழு நாள் விடாமல் ஈரச் சாக்குப் போட்டுக் கியூரிங். ஓடு வேலை கடைசியில் மூன்று நாளில் முடியும். கியூரிங் முடிந்து கல் பதித்த பிறகு, இரவில் மறுபடி அதே கரண்டிக் காம்பால் தூணிலிருந்து சுவர் வரைக்கும் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே கட்டைச் சத்தம் வந்தால், மறுநாள் மாலை அம்மாவின் நாற்காலியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய்ப் போடலாம்.